ஆபத்தில் கைகொடுப்பது அறிவா, உள்ளுணர்வா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனித இனம் இத்தனை காலம் பிழைத்திருப்பது யோசிக்கத் தெரிந்ததாலா, யோசிக்காமலே உடம்பு செய்துவிடும் காரியங்களாலா? இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. உயிர் சம்பந்தப்பட்ட இடங்களில் சுருக்க மனம் வரவில்லை.

உள்ளுணர்வு என்று நாம் சொல்வது ஒரே விஷயம்தானா?

இல்லை. குறைந்தது மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சூடான பாத்திரத்தில் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அது அனிச்சைச் செயல். அதற்கான கட்டளை தண்டுவடத்திலிருந்தே கிளம்பிவிடுகிறது. 'சுடுகிறது' என்பது நமக்கு உறைக்கும்போது கை ஏற்கெனவே விலகியிருக்கும். இரண்டாவது, பிறந்த குழந்தையிடமே தெரிவது. அதன் கன்னத்தை விரலால் தொட்டால் வாயை அந்தப் பக்கம் திருப்பும். உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றும். தலை சட்டென்று பின்னால் சரிந்தால் கைகளை விரித்து, பிறகு அணைப்பதுபோல் மடக்கும். இதெல்லாம் பிறவியிலேயே வருவது, யாரும் கற்றுத்தருவதில்லை.

மூன்றாவது வேறு ரகம். பல வருடம் ஒரே தொழிலில் இருப்பவருக்குத் திடீரென்று 'ஏதோ சரியில்லை' என்று படும். இது பிறவியில் வந்ததில்லை. அனுபவம் படிந்து படிந்து, யோசனை என்றே தெரியாத அளவுக்கு வேகம் பிடித்த அறிவு. "உள்ளுணர்வை நம்பு" என்று யாராவது சொன்னால், இந்த மூன்றில் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்து வந்ததும் முதலில் விழித்துக்கொள்வது எது?

உடம்புதான். மூளைக்குள் இரு பக்கமும் சின்னதாக இருக்கும் அமிக்டலா என்ற பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆபத்தைக் குறிக்கும் ஒரு சத்தம் அமிக்டலாவுக்கு இரண்டு வழிகளில் போய்ச் சேர்வதை, எலிகளை வைத்து ஜோசப் லெடூ செய்த ஆய்வுகள் காட்டின. ஒன்று குறுக்குவழி. சேதி சீக்கிரம் போகும், ஆனால் அரைகுறையாக இருக்கும். இன்னொன்று பெருமூளைப் புறணியைச் சுற்றிக்கொண்டு வருவது. கொஞ்சம் தாமதம், ஆனால் விவரம் தெளிவாக இருக்கும்.

அரைகுறைச் சேதியை நம்பிக் கிளம்புவதால் பிழை நிறைய வரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மா சொன்னதில்லை. ஆனால் அந்தப் பிழையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கயிற்றைப் பாம்பு என்று நினைத்துத் துள்ளினால் நஷ்டம் கொஞ்ச நேரப் படபடப்பு. பாம்பைக் கயிறு என்று நினைத்து மிதித்தால் உயிரே போய்விடும். அளவுக்கு மீறிப் பயந்த முன்னோர்தான் அதிகம் பிழைத்தார்கள். அந்தப் பயத்தின் வாரிசுகள் நாம்.

பாம்புப் பயம் பிறவியிலேயே வருவதா?

முழுசாக வருவதில்லை, பாதி வருகிறது. ஆய்வகத்தில் வளர்ந்த, பாம்பையே பார்த்திராத ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டு பயம் இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைப் பார்த்து மிரள்வதை ஒரு தடவை காட்டினால் போதும், சட்டென்று தொற்றிக்கொள்ளும். சூசன் மினெகாவும் சக ஆய்வாளர்களும் 1980-களில் ஒரு படி மேலே போனார்கள். குரங்கு பூவைக் கண்டு மிரள்வதுபோல வீடியோவை வெட்டி ஒட்டிக் காட்டினார்கள். பூவைக் கண்டு பயப்பட அந்தக் குரங்குகள் கற்றுக்கொள்ளவே இல்லை. எதைக் கண்டு சுலபமாகப் பயப்படலாம் என்ற சாய்வு மட்டும் பிறவியில் இருக்கிறது. மீதியை அடுத்தவர் முகத்தைப் பார்த்துக் கற்கிறோம்.

பயமே இல்லாமல் இருந்தால் நிம்மதிதானே?

மருத்துவ இலக்கியத்தில் எஸ்.எம். என்று குறிக்கப்படும் ஒரு பெண்ணுக்கு, அரிய மரபணு நோய் ஒன்றால் இரண்டு பக்க அமிக்டலாவும் சிதைந்துவிட்டன. பாம்புகள் விற்கும் கடைக்குக் கூட்டிப் போனபோது, ஆபத்தான பெரிய பாம்புகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கத்தியைக் காட்டி மிரட்டப்பட்ட அனுபவமும் அவருக்கு உண்டு. விலகிப் போ என்று சொல்லும் குரல் உள்ளே இல்லாததால் ஆபத்தின் பக்கத்திலேயே போய் நின்றுவிடுகிறார்.

ஆனால் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கார்பன் டைஆக்சைடு அதிகம் கலந்த காற்றைச் சுவாசித்தபோது அவருக்கே பீதி வந்தது. மூச்சு முட்டும் பயம் அமிக்டலாவை நம்பி இல்லை, அதைவிட ஆழத்தில் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்கு வேண்டும்.

உள்ளுணர்வே உயிரை வாங்கிய இடங்கள் உண்டா?

உண்டு. அதில் என்னை மிகவும் வாட்டுவது கழிவுநீர்த் தொட்டி, பாழுங்கிணறு, தானியக் கிடங்கு போன்ற மூடிய இடங்களில் நடப்பது. ஒருவர் இறங்குகிறார், மயங்கி விழுகிறார். மேலே நிற்பவர் அவருடைய தம்பியாகவோ மகனாகவோ கூட வேலை பார்ப்பவராகவோ இருப்பார். அவர் ஒரு நொடிகூட யோசிப்பதில்லை, இறங்கிவிடுகிறார். அவரும் விழுகிறார். பிறகு மூன்றாமவர். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் இந்தச் செய்தி ஒரே மாதிரி வந்துகொண்டே இருக்கிறது. செத்தவர்களில் பலர் காப்பாற்றப் போனவர்கள்.

ஏன் உடம்பு எச்சரிப்பதில்லை? மூச்சுத் திணறலை நாம் உணர்வது முக்கியமாக ரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு கூடுவதை வைத்துத்தான். ஆக்சிஜன் மட்டும் குறைந்தால் திணறலே தெரியாமல் மயக்கம் வந்துவிடும். எஸ்.எம்.மின் உடம்பிலும் அடித்த அந்த அபாய மணி இங்கே யாருக்கும் அடிப்பதில்லை. தொட்டிகளில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசம். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் முகரும் திறனையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் 'சரியாகிவிட்டது' என்று மூக்கு பொய் சொல்கிறது.

அந்த இடத்தில் செய்ய வேண்டியது: இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். வெளியே நின்றபடி உள்ளே காற்றடிக்க வழியிருந்தால் அடியுங்கள். விழுந்தவர் இடுப்பில் கயிறு கட்டியிருந்தால் மேலே இருந்தே இழுங்கள். மூச்சுக் கருவி இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள், அழுது துடிப்பவரைப் பிடித்து நிறுத்தியாவது. சொல்வது சுலபம், நிற்பது கொடுமை என்று தெரியும். ஆனாலும் அதுதான் வழி.

பாசத்தால் நடப்பது அது. மற்ற இடங்களில்?

எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கும். ஊற்றினால் தீ கொப்பளித்து மேலே பாயும். அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். மின்சாரம் தாக்கித் துடிப்பவரைப் பிடித்து இழுக்கத் தோன்றும். முதலில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கடலில் இழுவை நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து நேராக நீந்தத் தோன்றும். அதை எதிர்த்து நீந்திக் களைத்துத்தான் பலர் மூழ்குகிறார்கள். மிதந்து தெம்பைக் காத்துக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலக வேண்டும்.

பயிற்சி பெற்றவர்களும் இதற்கு விலக்கில்லை. 2009 மே 31 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் கிளம்பிய ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகம் காட்டும் குழாய்களைப் பனித்துகள் அடைத்தது. தானியங்கி விமானி விலகிக்கொண்டது. துணை விமானி கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுத்து மூக்கை உயர்த்தினார். தூக்குவிசை போய் விமானம் விழத் தொடங்கியது. விழும்போது மேலே இழுக்கத்தான் யாருக்கும் தோன்றும். பிழைக்க வேண்டுமானால் மூக்கைக் கீழே இறக்கியிருக்க வேண்டும். நாலரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. 228 பேர் இறந்தார்கள்.

யோசிக்க நேரமே இல்லாத இடத்தில் அறிவால் என்ன செய்ய முடியும்?

அபூர்வமாக, எல்லாமே செய்ய முடியும். 1949 ஆகஸ்ட் 5, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. காட்டுத்தீயை அணைக்க விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த வீரர்களும், அவர்களோடு சேர்ந்துகொண்ட ஒரு வனத்தீக் காவலருமாக 16 பேர். தீ திடீரென்று தாவி, அவர்கள் போகவேண்டிய வழியை மறித்தது. திரும்பிச் செங்குத்தான சரிவில் மேல்நோக்கி ஓடினார்கள். சரிவில் தீ பொதுவாக மேல்நோக்கி வேகமாகப் போகும். மேலே ஏறும் மனிதனோ நொடிக்கு நொடி களைப்பான். முழங்கால் உயரக் காய்ந்த புல் வேறு.

தலைவர் வாக்னர் டாட்ஜ் நின்றார். தீக்குச்சியைக் கிழித்துத் தனக்கு முன்னால் இருந்த புல்லில் தீ வைத்தார். அது எரிந்துகொண்டே சரிவில் மேலே போனது. பின்னால் கரிந்த தரை மிச்சமானது. உள்ளே வாருங்கள் என்று கூவினார். யாரும் வரவில்லை. பின்னால் துரத்தும் தீயிலிருந்து தப்பி ஓடும் மனிதனிடம் முன்னால் ஒரு தீயைக் காட்டி அதில் புகு என்றால் எந்த உடம்பு கேட்கும்? டாட்ஜ் ஈரக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சாம்பலில் குப்புறப் படுத்தார். பெருந்தீ எரிக்க எதுவும் இல்லாததால் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. மேலே ஒரு பாறைப் பிளவை எட்டிய இரண்டு பேர் பிழைத்தார்கள். 13 பேர் இறந்தார்கள்.

இந்த உத்தியை டாட்ஜுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தீயின் நடத்தையை அவர் அறிந்திருந்தார். அந்த அறிவிலிருந்து சில நொடிகளில் ஒரு புது முடிவுக்கு வந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் மனித மூளை மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. கூடவே இன்னொன்றும் தெரிகிறது. அவர் கண்டுபிடித்தது அவரை மட்டும்தான் காப்பாற்றியது. முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தால் எல்லோரும் அந்தச் சாம்பலில் படுத்திருப்பார்கள்.

அனுபவசாலிகளின் 'மனசு சொல்லுது' என்பதை எவ்வளவு நம்பலாம்?

ஓர் அமெரிக்கத் தீயணைப்பு அதிகாரியின் அனுபவத்தை உளவியலாளர் கேரி கிளைன் பதிவு செய்திருக்கிறார். ஒரு வீட்டின் பின்பக்கச் சமையலறையில் தீ என்று நினைத்து உள்ளே போய்த் தண்ணீர் அடித்தார்கள். தீ அடங்கவில்லை. அந்த அளவு தீக்கு அறை மிக அதிகமாகக் கொதித்தது, சத்தமோ இல்லை. ஏன் என்று தெரியாமலே அதிகாரி எல்லோரையும் வெளியேறச் சொன்னார். வெளியே வந்ததும் அவர்கள் நின்ற தரை இடிந்து விழுந்தது. தீயின் மூலம் அடித்தளத்தில், அவர்கள் காலுக்குக் கீழே இருந்திருக்கிறது. அதிகாரி இதை ஏதோ அமானுஷ்ய சக்தி என்றே நம்பினார். கிளைன் கேட்டுக் கேட்டுப் பிரித்துப் பார்த்தபோது, வெப்பமும் அமைதியும் தீயின் அளவோடு ஒத்துப்போகாததுதான் அவரை உறுத்தியது என்று புரிந்தது.

உள்ளுணர்வை நம்பிய கிளைனும் அதைச் சந்தேகித்த டேனியல் கானமனும் 2009-இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் சாரம்: சூழல் ஓரளவு ஒழுங்கோடு இருக்க வேண்டும், செய்தது சரியா தவறா என்று திரும்பத் திரும்பத் தெரிந்து பழகும் வாய்ப்பு இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் நம்பலாம். தீயணைப்பு, செவிலியர் பணி, சதுரங்கம் இவற்றில் இருக்கிறது. நீண்டகால அரசியல் ஆரூடத்தில் இல்லை. தன்னம்பிக்கையின் அளவு மட்டும் எதையும் நிரூபிக்காது.

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு யோசித்தால் நல்ல முடிவு வருமா?

நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோவிடம் முன்மூளையின் கீழ்ப்பகுதி சேதமான ஒரு நோயாளி வந்தார். அறிவுத்திறன் குறையவில்லை. பனி உறைந்த சாலையில் அவருக்கு முன்னால் போன கார் சறுக்கியது. அதை ஓட்டியவர் பதறிப்போய் பிரேக்கை மிதித்துப் பள்ளத்தில் போய் விழுந்தார். இவரோ பதறாமல், விதிப்படி மெதுவாக ஓட்டிக் கடந்து வந்துவிட்டார். அதே மனிதரிடம் அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைச் சொல்லி எது வசதி என்று கேட்டார்கள். அரைமணி நேரம் இரண்டுக்கும் சாதக பாதகம் அடுக்கிக்கொண்டே இருந்தார். முடிவுக்கு வரவே முடியவில்லை. 'போதும், இதுவே சரி' என்று நிறுத்தும் உணர்வு அவரிடம் இல்லை.

ஆறறிவுதானே மனிதனைக் காப்பாற்றியது?

தனி மனிதனின் ஆறறிவு, நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. 1861-இல் ஆஸ்திரேலியாவைத் தெற்கு வடக்காகக் கடந்து திரும்பிய பர்க், வில்ஸ், கிங் மூவரும் கூப்பர் க்ரீக் ஓரத்தில் உணவின்றி மாட்டிக்கொண்டார்கள். அங்கே வாழும் யாண்ட்ருவாண்டா மக்கள் நர்டூ என்ற நீர்ப்பெரணியின் விதை போன்ற வித்துறையை அரைத்து உணவாக்குவார்கள். மூவரும் அதைப் பார்த்துத் தாங்களும் சேகரித்து அரைத்துச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தது, உடம்போ தேய்ந்துகொண்டே போனது. நர்டூவில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. அந்த மக்கள் நீர்விட்டு அரைத்துத் தயாரிக்கும் முறையில் அதன் வீரியம் குறைந்துவிடும். இவர்கள் அந்த முறையை அப்படியே பின்பற்றாததால் பெரிபெரி நோய் கண்டார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பர்க்கும் வில்ஸும் இறந்தார்கள். கிங் அந்த மக்களிடம் அடைக்கலம் புகுந்து பிழைத்தார்.

வில்ஸ் படித்தவர், நில அளவையாளர், யோசிக்கத் தெரிந்தவர். பசி என்ற உள்ளுணர்வும் அவரிடம் சரியாக இருந்தது. இரண்டும் போதவில்லை. பல தலைமுறைகள் தவறு செய்து, திருத்தி, காரணம் தெரியாவிட்டாலும் கைமாற்றிக் கொடுத்த அறிவுதான் தேவைப்பட்டது. அறிவா உள்ளுணர்வா என்ற விவாதத்தில் இந்த மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் பெரிய மனக்குறை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தோனேசியாவின் சிமெலு தீவு நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது. சுமார் 78,000 மக்களில் இறந்தவர்கள் ஏழு பேர் என்பது பதிவு. 1907-இல் அந்தத் தீவை அழித்த அலையின் கதையை 'ஸ்மோங்' என்ற பெயரில் பாட்டி தாத்தாக்கள் சொல்லிக்கொண்டே வந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. வேறு கரைகளில் கடல் உள்வாங்கியபோது மக்கள் ஆர்வத்தில் கிட்டே போய்ப் பார்த்தார்கள். தாய்லாந்தின் புக்கெட்டில் ஒரு கடற்கரையில் மட்டும், பள்ளியில் சுனாமி பாடம் படித்து இரண்டு வாரமே ஆன டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி அடையாளம் கண்டு கத்தினாள். அந்தக் கரை காலியானது.

மெதுவாக வரும் ஆபத்துகளில்?

அங்கே உள்ளுணர்வு பெரும்பாலும் தூங்கிவிடும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் பலர் விமானத்துக்குப் பயந்து காரில் போனார்கள். அதனால் அடுத்த ஒரு வருடத்தில் சாலையில் சுமார் 1,500 பேர் கூடுதலாக இறந்ததாகக் கெர்ட் கிகரன்சர் கணக்கிட்டார். பயத்துக்கு எண்ணிக்கை தெரியாது. புகையிலை, கார்பன் மோனாக்சைடு, அழுக்கு நீர் எதற்கும் மயிர்க்கூச்சம் வராது. இவற்றை எண்ணி, அளந்து, ஒப்பிட்டுத்தான் பிடிக்க முடியும்.

ஆபத்தில் சிலர் உறைந்து நிற்பது ஏன்? கோழைத்தனமா?

இல்லவே இல்லை. உறைதல், ஓடுதல், எதிர்த்தல் எல்லாம் ஒரே அமைப்பின் வேலை. வேட்டையாடும் விலங்கின் கண்ணில் படாமலிருக்க அசையாமல் நிற்பது உதவியிருக்கும். தீப்பிடித்த கட்டடத்தில் உதவாது. உறைந்து நிற்பவரிடம் பெயர் சொல்லி, சத்தமாக, ஒரே ஒரு கட்டளை கொடுங்கள்: "எழுந்திரு, என் பின்னால் வா."

கூட்டம் என்றாலே பீதியில் ஒருவரை ஒருவர் மிதிக்கும், இல்லையா?

பேரிடர்களை ஆராய்ந்தவர்கள் கண்டது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. முன்பின் தெரியாதவர்களும் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள். பெரிய சிக்கல் தாமதம். எச்சரிக்கை மணி அடித்த பிறகும் பையை எடுப்பதும், அடுத்தவர் எழுகிறாரா என்று பார்ப்பதுமாக நேரம் போய்விடுகிறது.

அப்படியானால் நான் என்ன செய்யலாம்?

யோசிக்க வேண்டியதை முன்கூட்டியே யோசித்து, உடம்புக்குப் பழக்கிவிடுங்கள். விமானத் துறை இதை வலியோடு கற்றது. 1935 அக்டோபர் 30 அன்று போயிங் மாடல் 299 சோதனைப் பறப்பில் விழுந்து நொறுங்கியது. தரையில் நிற்கும்போது போடும் பூட்டை அனுபவம் மிக்க விமானிகள் எடுக்க மறந்திருந்தார்கள். அதன் பிறகுதான் கிளம்புமுன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது.

நீங்கள் செய்யக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள். புது இடத்தில் உட்காருமுன் வெளியேறும் வழி இரண்டைப் பார்த்து வையுங்கள். குளிர்ந்த நீரில் தவறி விழுந்தால் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு வாங்கும்; அப்போது நீந்தப் போராடாமல் மல்லாந்து மிதக்கப் பழகுங்கள். மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைப்பதில்லை என்பதைக் குழந்தைகளோடு நீர்நிலைக்குப் போகும் எல்லோருக்கும் சொல்லுங்கள். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியை ஒரு தடவை பொம்மையில் கைபட அழுத்திப் பாருங்கள். படித்தது தலையில் நிற்கும், செய்தது கையில் நிற்கும்.

காரணம் சொல்லத் தெரியாமல் மனசு உறுத்தினால்?

விலகிப் போவதற்கு ஆகும் செலவைப் பாருங்கள். லிஃப்டுக்குள் ஏறத் தயக்கமாக இருந்தால் அடுத்த லிஃப்டுக்கு நிற்கலாம். ஒன்றும் குறைந்துவிடாது. குதி, துரத்து, உடனே செய் என்று உந்தும் துடிப்பு வேறு. அதற்கு இரண்டு மூச்சு நேரமாவது காரணம் கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. ஒருவரின் நிறம், உடை, பேச்சு பழக்கமில்லாததாக இருந்தாலும் அதே உறுத்தல் வரும். அமிக்டலாவின் அரைகுறைச் சேதிக்கு அந்நியரும் எதிரியும் ஒன்றுதான். அவர் என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். பின்தொடர்ந்தாரா, வேண்டாம் என்ற பிறகும் வற்புறுத்தினாரா, நீங்கள் வெளியேறும் வழியில் நின்றாரா? அப்படிச் செய்திருந்தால் உடனே விலகுங்கள். எதுவுமே செய்யாமல் அவர் வெறுமனே அங்கே இருந்தார் என்றால், அந்த உறுத்தலை வைத்து அவரைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள்.